முன்னுரிமையை ஏற்றினால் கணினி வேகமாகுமா? ப்ராசஸ் பிரையாரிட்டி உதவும் இடமும் கெடுக்கும் இடமும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், குறைந்தது 4 ஜிபி ரேம், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை சிபியு இருக்க வேண்டும். ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஜாப் ஒர்க் பட்டறைகளிலும், தருமபுரி, அரூர், காவேரிப்பட்டணம் பக்கத்து இ-சேவை மையங்களிலும் டிடிபி கடைகளிலும் இந்த வரம்பை எட்டாத பழைய கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. புதிது வாங்கப் பணம் இல்லை, இருப்பதையாவது வேகமாக்கலாம் என்று தேடுபவர் கண்ணில் முதலில் படுவது ஆப்டிமைசர் மென்பொருள். அதற்குள் "பிரையாரிட்டி" என்றொரு பக்கம் இருக்கும். லோ, நார்மல், ஹை, ரியல்டைம் என்று பட்டியல் இருக்கும். ஹை வைத்தால் வேகம் கூடும் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் கூடாது, சில இடங்களில் நிலைமை மோசமாகும்.

வரிசையில் யார் முன்னால்

ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு ப்ராசஸ், அல்லது பல ப்ராசஸ்கள். ஒவ்வொரு ப்ராசஸுக்குள்ளும் ஒன்றோ பலவோ த்ரெட்கள் இருக்கும். சிபியுவுக்குள் கணக்குப் போடும் தனித்தனி அலகுதான் கோர். அந்தக் கோரில் உட்கார்ந்து உண்மையில் வேலை செய்வது த்ரெட்தான். எந்த த்ரெட் எந்த கோரில் எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதைத் தீர்மானிப்பது விண்டோஸின் ஷெட்யூலர்.

ஷெட்யூலர் பார்ப்பது 0 முதல் 31 வரையிலான ஓர் எண்ணை. 0 என்பது காலியான நினைவகப் பக்கங்களைத் துடைக்கும் சிஸ்டம் த்ரெட்டுக்கு. 1 முதல் 15 வரை சாதாரண மென்பொருள்களுக்கு. 16 முதல் 31 வரை ரியல்டைம் பகுதி. நாம் டாஸ்க் மேனேஜரில் தேர்ந்தெடுக்கும் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் அடிப்படை எண்கள் இவை:

1. லோ: 4
2. பிலோ நார்மல்: 6
3. நார்மல்: 8
4. அபவ் நார்மல்: 10
5. ஹை: 13
6. ரியல்டைம்: 24

விதி கடுமையானது. ஓடத் தயாராக இருக்கும் த்ரெட்களில் எண் பெரியதுதான் ஓடும். 13 தயாராக இருக்கும்வரை அதே கோருக்காகக் காத்திருக்கும் 8-க்கு இடமில்லை. எண் சமமாக இருந்தால் முறை வைத்து மாற்றி மாற்றி ஓடும். ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம் கடிகாரத் துடிப்பால் அளக்கப்படுகிறது. ஒரு துடிப்பு வழக்கமாக 15.6 மில்லி செகண்ட். சாதாரண டெஸ்க்டாப்பில் பின்னணி மென்பொருளுக்கு 2 துடிப்பு, அதாவது சுமார் 31 மில்லி செகண்ட். திரையில் முன்னால் இருக்கும் மென்பொருளுக்கு 6 துடிப்பு, சுமார் 94 மில்லி செகண்ட். ஆக, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ஜன்னலுக்கு விண்டோஸ் ஏற்கெனவே மூன்று மடங்கு சலுகை தந்திருக்கிறது.

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஆம்புலன்ஸுக்குத் தனி வழி விடுவது வண்டிகள் நிற்கும்போதுதான் பயன்படும். ரோடு காலியாக இருந்தால் எல்லா வழியும் ஒன்றுதான், அந்த வழியில் போனதால் வண்டியின் இன்ஜினும் பெரிதாகிவிடாது. முன்னுரிமையும் அப்படித்தான். சிபியுவில் நெரிசல் இல்லையென்றால் 8-ஐ 13 ஆக்கினாலும் ஒரு நொடிகூட மிச்சமாகாது.

விண்டோஸ் தானாகவே செய்யும் ஏற்ற இறக்கம்

1 முதல் 15 வரையிலான பகுதியில் எண் நிலையாக நிற்பதில்லை. காத்திருந்த வேலை முடிந்ததும் அந்த த்ரெட்டுக்குத் தற்காலிக ஏற்றம் கிடைக்கும்: டிஸ்க் படித்து முடிந்தால் 1, நெட்வொர்க் அல்லது சீரியல் போர்ட் என்றால் 2, விசைப்பலகை, மவுஸ் என்றால் 6, ஒலி என்றால் 8. ஜன்னலுக்குச் செய்தி வந்து விழித்துக்கொள்ளும் த்ரெட்டுக்கு 2. இந்த ஏற்றம் ஒவ்வொரு முறை நேரம் முடியும்போதும் ஒவ்வொன்றாகக் குறைந்து பழைய எண்ணுக்கு வந்துவிடும்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. சுமார் 4 நொடி முறையே கிடைக்காமல் பட்டினி கிடக்கும் த்ரெட்டை விண்டோஸ் கண்டுபிடித்து, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் 15-க்குத் தூக்கிவிடும். முழுதாகச் செத்துப்போகாமல் காப்பாற்றும் ஏற்பாடு இது. 4 நொடிக்கு ஒருமுறை மட்டும் மூச்சு விடும் மென்பொருளை "ஹேங் ஆகிவிட்டது" என்றுதான் நாம் சொல்வோம்.

முதலில் நெரிசல் எங்கே என்று பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். கணினி மெதுவாக இருக்கும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். பிறகு பார்த்துப் பயனில்லை.

1. சிபியு 90 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கிறது, டிஸ்கும் ரேமும் சும்மா இருக்கின்றன: முன்னுரிமை உதவும் இடம் இதுதான்.

2. சிபியு 20, 30 என்று இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100: பழைய ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க், சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் படிக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ நூறு முறைதான் படிக்கும். சிபியு முன்னுரிமை டிஸ்க் வரிசையைத் தொடுவதே இல்லை. எஸ்எஸ்டி மாற்றுவதுதான் வழி.

3. ரேம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது: மென்பொருள்கள் டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலுக்கு இடம் மாறிக்கொண்டிருக்கும். 4 ஜிபி கணினியில் பிரவுசரில் பத்து டேப் திறந்தாலே போதும்.

4. சிபியு 25 விழுக்காட்டில் அசையாமல் நிற்கிறது: 4 கோர் சிபியுவில் ஒரே ஒரு த்ரெட் ஒரு கோரை முழுதாகத் தின்கிறது என்று பொருள். 8 த்ரெட் ஓடும் சிபியு என்றால் 12, 13 விழுக்காடு. மற்ற கோர்கள் காலியாகவே இருப்பதால் ஹை வைத்தும் பயனில்லை.

5. சிபியு 100, ஆனால் "ஸ்பீடு" என்ற இடத்தில் பேஸ் ஸ்பீடைவிட மிகக் குறைந்த எண்: சூடு. கிரானைட் அறுக்கும் யூனிட்டுகளின் அலுவலகக் கணினியைத் திறந்தால் ஹீட்சிங்கில் வெள்ளை மாவாக அடைத்திருக்கும். 3 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 1-க்கும் கீழே இறங்கிவிடும். ப்ளோயரும் புது தெர்மல் பேஸ்ட்டும் செய்யும் வேலையை எந்த ஆப்டிமைசரும் செய்யாது.

ஐந்தில் ஒன்றுக்குத்தான் முன்னுரிமை மருந்து. விற்பனை விளம்பரங்கள் ஐந்தையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

டேலி ஓடும் அலுவலகங்களில் இன்னொரு குழப்பம். டேட்டா ஒரு கணினியில் இருக்கும். மற்ற கணினிகள் ஷேர் ஃபோல்டர் வழியாக அதைத் திறக்கும். ஜிஎஸ்டி 3பி தாக்கலுக்கு 20-ஆம் தேதி நெருங்கும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காருவார்கள், மெதுவாகும். உடனே தன் கணினியில் டேலிக்கு ஹை வைத்துக்கொள்வார்கள். டேட்டா உள்ள கணினியில் அந்த ஃபைல்களை எடுத்துத் தருவது விண்டோஸின் சிஸ்டம் ப்ராசஸ். அதன் டிஸ்கும் நெட்வொர்க் கேபிளும்தான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. இந்தப் பக்கம் வைத்த ஹை அந்தப் பக்கம் போய்ச் சேராது.

ஓசூர் பட்டறைக் கணக்கு ஒன்று

முன்னுரிமை உண்மையிலேயே வேலை செய்யும் ஓர் இடத்தை எண்களோடு பார்க்கலாம். டை, மோல்டு செய்யும் சிறு பட்டறையில் 4 கோர் கணினி ஒன்று. அதிலேயே கேம் (CAM, உற்பத்திக்கான) மென்பொருள் டூல் பாத், அதாவது கட்டர் நகர வேண்டிய பாதையைக் கணக்கிடுகிறது; அதிலிருந்தே சீரியல் கேபிள் வழியாக விஎம்சி என்ற தானியங்கி மில்லிங் மெஷினுக்கு டிரிப் ஃபீட் போகிறது. மெஷினுக்கான கட்டளை வரிகள் (கோடு) அதன் மெமரியில் அடங்காததால் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும் முறை அது. டூல் பாத் கணக்கு தொடங்கியதும் மெஷின் திணறுகிறது. கட்டர் நின்ற இடத்தில் ஜாப்பின் மேல் புள்ளி புள்ளியாகத் தழும்பு.

யாரோ சொன்னார்கள் என்று கேம் மென்பொருளுக்கு ஹை வைத்தால் நடப்பது இது. அதன் நான்கு கணக்கு த்ரெட்களும் 13-ல் நான்கு கோரையும் பிடித்துக்கொள்கின்றன. அனுப்பும் மென்பொருள் நார்மல், 8. சீரியல் போர்ட் ஏற்றம் 2 சேர்த்தாலும் 10. பதின்மூன்றைத் தாண்ட முடியாது. பட்டினிப் பாதுகாப்பு வந்து தூக்கும்வரை காத்திருக்க வேண்டும். 4 நொடி என்பது ஓடும் கட்டருக்கு மிக நீண்ட நேரம். ஜன்னல்களுக்கும் இதே கதி: 8 கூட்டல் 2, பத்துதான். மவுஸ் அம்புக்குறி மட்டும் நகரும், ஏனென்றால் அதை நகர்த்தும் சிஸ்டம் த்ரெட்டின் எண் பெரியது. "மவுஸ் நல்லாத்தானே ஓடுது" என்று ஏமாறுவது இதனால்தான்.

சரியான அமைப்பு நேர் எதிரானது:

1. கேம் மென்பொருளை பிலோ நார்மலுக்கு இறக்குங்கள். எண் 6. இப்போது நார்மலில் இருக்கும் எல்லாமே அதற்கு முன்னால்.

2. அனுப்பும் மென்பொருளை அபவ் நார்மலுக்கு ஏற்றலாம், எண் 10. அதற்குத் தேவைப்படும் சிபியு நேரம் மிகச் சொற்பம் என்பதால் யாரையும் பாதிக்காது. இதைச் செய்யாவிட்டாலும் முதல் படியே பெரும்பாலும் போதும்.

3. மற்ற எதையும் தொடாதீர்கள்.

டூல் பாத் கணக்கு தாமதமாகுமே என்று பயப்பட வேண்டாம். மற்றவர்கள் விட்டுவைக்கும் நேரம் முழுவதும் அதற்குத்தான்; மற்றவர்களுக்கு வேண்டியதோ ஓரிரு விழுக்காடு.

இதைச் செய்தும் திணறினால், குறை கேபிளில் ஓடும் வேகத்தில். 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்), 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட் என்ற வழக்கமான அமைப்பில் ஓர் எழுத்துக்கு 11 பிட் செலவாகும். நொடிக்கு சுமார் 870 எழுத்து. ஒரு வரிக்கு 22 எழுத்து என்று வைத்தால் நொடிக்கு 40 வரிகூட வராது. ஒவ்வொரு வரியும் 0.1 மி.மீ. நகர்வு என்றால் நொடிக்கு 4 மி.மீ., நிமிடத்துக்கு 240 மி.மீ. கோடில் ஃபீட், அதாவது கட்டர் நகரும் வேகம், நிமிடத்துக்கு 800 மி.மீ. என்று கொடுத்திருந்தால் சிபியு முழுக்கச் சும்மா இருந்தாலும் மெஷின் நின்று நின்றுதான் போகும். பாட் ரேட்டை இரண்டு பக்கமும் 19200 அல்லது 38400 ஆக்க வேண்டும். அல்லது கேம் மென்பொருளில் டாலரன்ஸைத் தளர்த்தி வரிகளைக் குறைக்க வேண்டும்.

ஆப்டிமைசர் உள்ளே என்ன செய்கிறது

பெயர் எதுவானாலும், முன்னுரிமை தொடர்பாக இந்த மென்பொருள்கள் செய்பவை நான்கு வகைக்குள் அடங்கும்.

1. விதியை நினைவில் வைப்பது. டாஸ்க் மேனேஜரில் மாற்றிய முன்னுரிமை அந்த மென்பொருளை மூடியதும் போய்விடும். ப்ராசஸ் லாஸோ போன்றவை "இப்போது மட்டும்", "எப்போதும்" என்று இரண்டு தேர்வு தருகின்றன. எப்போதும் என்றால், மென்பொருள் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதே எண் வைக்கப்படும். நேர்மையான, பயனுள்ள வேலை.

2. தானாக இறக்குவது. ப்ராசஸ் லாஸோவில் இதற்கு ப்ரோபேலன்ஸ் என்று பெயர். சிபியு நிரம்பும்போது, அதிகம் தின்னும் பின்னணி ப்ராசஸைச் சிறிது நேரம் பிலோ நார்மலுக்கு இறக்கி, நெரிசல் தீர்ந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். எதையும் ஏற்றுவதில்லை. நான்கில் சிறந்தது இதுவே. எதை எப்போது இறக்கியது என்று அதன் பதிவில் தெரியும். டிரிப் ஃபீட் போன்ற மென்பொருள்களை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.

3. "பூஸ்ட்" பொத்தான். முன்னால் இருப்பதற்கு ஹை வைத்து, சில சர்வீஸ்களை நிறுத்தி, "ரேம் காலி" செய்யும். ரேம் காலி செய்வது என்பது ஓடும் மென்பொருள்களின் பக்கங்களை அவற்றிடமிருந்து பிடுங்குவது. ரேம் பயன்பாடு குறைந்ததுபோல் காட்டும். அடுத்த கிளிக்கில் அவையெல்லாம் திரும்ப வர வேண்டும். ஹார்ட் டிஸ்க் கணினியில் இது முழு நஷ்டம்.

4. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் வின்32பிரையாரிட்டிசெபரேஷன் என்ற மதிப்பை மாற்றுவது. முன்னால் சொன்ன 2 துடிப்பு, 6 துடிப்புக் கணக்கைத் தீர்மானிப்பது இது. டெஸ்க்டாப்பில் தொடக்க மதிப்பு 2. முன்னால் உள்ளதற்குச் சலுகை என்பது ஏற்கெனவே அதில் அடங்கியிருப்பதால், மாய எண் எதையும் இங்கே எழுதத் தேவையில்லை.

கெட்டுப்போகும் இடங்கள்

ரியல்டைம் வேண்டவே வேண்டாம். 24 என்பது விண்டோஸின் பல சொந்த வேலைகளுக்கும் மேலே. ஓய்வில்லாமல் கணக்குப் போடும் மென்பொருளுக்கு அதை வைத்தால் மவுஸ் நிற்கும், டிஸ்கில் எழுத வேண்டியவை எழுதப்படாமல் தேங்கும். பவர் பட்டனைப் பிடித்து அணைப்பதைத் தவிர வழி இருக்காது. அட்மின் உரிமை இல்லாமல் ரியல்டைம் கேட்டால் விண்டோஸ் சொல்லாமல் கொள்ளாமல் ஹை வைத்துவிடும். வைத்தபின் மறுபடி பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது, பெயர் தெரியாததையெல்லாம் லோவுக்குத் தள்ளுவது. இ-சேவை மையத்தில் கைரேகைக் கருவிக்கு ஆர்டி சர்வீஸ் என்ற பின்னணி ப்ராசஸ் ஓடும். பிரவுசர் கேட்டதும் ரேகையை எடுத்துத் தருவது அதுதான். அதை லோவுக்கு இறக்கிவிட்டு, பக்கத்தில் பிடிஎஃப் மாற்றும் மென்பொருள் சிபியுவை நிரப்பிக்கொண்டிருந்தால், பிரவுசர் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் சர்வீஸின் பதிலுக்காக நிற்க வேண்டியதுதான். குறித்த நொடிக்குள் பதில் வராமல் "டைம் அவுட்". விரல் சரியாக வைக்கவில்லை என்று எதிரில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். உயரத்தில் இருப்பது தாழ்ந்ததன் கையை எதிர்பார்த்து நிற்கும் இந்தச் சிக்கல், பிரிண்ட் ஸ்பூலர், டேட்டாபேஸ் சர்வீஸ் எதிலும் வரலாம்.

எக்ஸ்ப்ளோரரின் முன்னுரிமையை இறக்குவது இன்னும் கள்ளத்தனமான தவறு. லோ, பிலோ நார்மல் இரண்டும் தாயிடமிருந்து பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் இரட்டைக் கிளிக் செய்து திறக்கும் மென்பொருள்களுக்கு எக்ஸ்ப்ளோரர்தான் தாய். அதை இறக்கினால் அதற்குப் பிறகு திறப்பவையும் இறங்கியே பிறக்கும். ஹை மட்டும் அப்படி ஒட்டாது. பிள்ளை நார்மலாகவே தொடங்கும். டாஸ்க் ஷெட்யூலரில் வைக்கும் வேலைகளும் தொடக்க அமைப்பான 7-ல், அதாவது பிலோ நார்மலில்தான் ஓடுகின்றன. இரவு பேக்கப் இழுத்துக்கொண்டே போகிறதென்றால் அங்கேயும் ஒரு பார்வை பாருங்கள்.

குரோமில் ஒவ்வொரு டேபுக்கும் தனித்தனியாகப் பல ப்ராசஸ்கள். பின்னால் போன டேபின் முன்னுரிமையை அதுவே இறக்கும், முன்னால் வந்ததும் ஏற்றும். நீங்கள் வைத்ததை அடுத்த நொடியே மாற்றிவிடும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

விண்டோஸ் டிஃபெண்டரின் ஸ்கேன் ப்ராசஸில் கை வைத்தால் "ஆக்சஸ் டினைட்" என்று வரும். வைரஸ் அதை அடக்கிவிடக் கூடாது என்பதற்கான பூட்டு அது, மென்பொருள் கோளாறு இல்லை. ஸ்கேன் எவ்வளவு சிபியு எடுக்கலாம் என்பதற்கு டிஃபெண்டருக்கே தனி அமைப்பு உண்டு. தொடக்க மதிப்பு 50 விழுக்காடு. கடையில் ஆள் வராத நேரத்துக்கு ஸ்கேனை மாற்றி வைப்பது அதைவிட எளிது.

விண்டோஸ் 11-ல் பச்சை இலையோடு வரும் எஃபிஷியன்சி மோட், முன்னுரிமையை லோவுக்கு இறக்குவதோடு சிபியுவை மின்சாரம் மிச்சமாகும் வேகத்திலும் ஓட வைக்கும். இன்டெல் 12-ஆம் தலைமுறை முதல் வந்த இருவகைக் கோர் சிபியுக்களில் வேலை சின்ன கோர்களுக்குத் தள்ளப்படும். அவசர வேலைக்கு இது பொருந்தாது.

மாற்றும் முறை

1. டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கம். தலைப்பு வரியில் வலது கிளிக் செய்து பேஸ் பிரையாரிட்டி என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது யார் எங்கே என்று தெரியும்.

2. சிபியு பத்தியைச் சொடுக்கி, அதிகம் தின்பதை மேலே கொண்டுவாருங்கள். அது உங்களுக்கு இப்போது தேவையில்லாத வேலை என்றால், வலது கிளிக், செட் பிரையாரிட்டி, பிலோ நார்மல்.

3. ஒரு நாள் அப்படியே வேலை பாருங்கள். மூடித் திறந்தால் மாற்றம் போய்விடும் என்பதால் ஆபத்தில்லாத சோதனை இது.

4. பலன் இருந்தால் மட்டும் நிரந்தரமாக்குங்கள். ஆப்டிமைசர் இல்லாமலும் முடியும்: கட்டளை வரியில் ஸ்டார்ட் என்ற கட்டளையோடு பிலோநார்மல் என்ற சுவிட்ச் சேர்த்து மென்பொருளைத் திறக்கும் சிறு பேட்ச் ஃபைல் ஒன்றை டெஸ்க்டாப்பில் வையுங்கள். பின்னணியில் எதுவும் ஓடாது, நீக்குவதும் எளிது.

5. எப்படித் திறந்தாலும் அதே எண் வேண்டும் என்றால் ரெஜிஸ்ட்ரியில் இமேஜ் ஃபைல் எக்ஸிக்யூஷன் ஆப்ஷன்ஸ் என்ற பகுதிக்குக் கீழே, மென்பொருளின் ஃபைல் பெயரில் ஒரு கீ, அதற்குள் பெர்ஃப்ஆப்ஷன்ஸ் என்ற கீ, அதில் சிபியுபிரையாரிட்டிகிளாஸ் என்ற டிவேர்ட் மதிப்பு. 1 லோ, 2 நார்மல், 3 ஹை, 5 பிலோ நார்மல், 6 அபவ் நார்மல். வரிசை ஏறுமுகமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். 5 என்றால் ஹையைவிடப் பெரிது என்று நினைத்து எழுதுபவர்கள் உண்டு.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

அரசு தந்த பழைய இலவச லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு ஓட்டுபவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே நைஸ் எண் மைனஸ் 20 முதல் 19 வரை. எண் கூடினால் முன்னுரிமை குறையும். தாழ்ந்தது முழுப் பட்டினி கிடப்பதில்லை, பங்கு மட்டும் குறையும். ஒரே கோருக்குப் போட்டி போடும் இரண்டில் ஒன்று 0, மற்றது 5 என்றால் பங்கு ஏறத்தாழ 75-க்கு 25. 19 வைத்தால் ஒன்றரை விழுக்காடு கிடைக்கும். சாதாரணப் பயனர் தன் ப்ராசஸின் நைஸ் எண்ணைக் கூட்டலாம். குறைக்க ரூட் உரிமை வேண்டும். டிஸ்க் வரிசைக்கு அயோநைஸ் என்று தனிக் கட்டளை இருக்கிறது.

பழைய நிலைக்குத் திரும்ப

ஆப்டிமைசரை அன்இன்ஸ்டால் செய்தால் அது எழுதிய ரெஜிஸ்ட்ரி மதிப்புகளும் போய்விடும் என்று நம்ப வேண்டாம். நீக்கும் முன் அதிலேயே "டிஃபால்ட்" அல்லது "ரீஸ்டோர்" என்ற பொத்தானை அழுத்துங்கள். பிறகு மேலே சொன்ன இமேஜ் ஃபைல் எக்ஸிக்யூஷன் ஆப்ஷன்ஸ் பகுதியில் நீங்கள் வைக்காத பெர்ஃப்ஆப்ஷன்ஸ் கீ இருந்தால், எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு நீக்குங்கள். அந்தப் பகுதியில் விண்டோஸே வைத்தவையும் இருப்பதால் கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்கக் கூடாது. வின்32பிரையாரிட்டிசெபரேஷனை 2-க்குக் கொண்டுவாருங்கள். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸின் அட்வான்ஸ்டு பக்கத்தில் "புரோகிராம்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஹெக்ஸாடெசிமலில் 26 என்று எழுதப்படும். டெஸ்க்டாப்பில் இரண்டும் ஒரே பலன்தான். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, பேஸ் பிரையாரிட்டி பத்தியில் எக்ஸ்ப்ளோரர் நார்மலில் நிற்கிறதா என்று பாருங்கள்.